பிராக்ஸ்மாக்ஸும் இசட்எஃப்எஸ்ஸும்: பல வருடம் ஓட்டிய பிறகு

இரண்டு மூன்று நோடுகள் (சர்வர் மெஷின்கள்) உள்ள சிறிய அமைப்புகளில், ஒரே மெஷினில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்ட உதவும் பிராக்ஸ்மாக்ஸ் விஇ 6-இல் தொடங்கி 7, 8, 9 என்று மறுநிறுவல் செய்யாமலேயே மேம்படுத்தி ஓட்டியதை வைத்து எழுதும் அனுபவக் குறிப்பு இது. அடியில் டெபியன் லினக்ஸ், மேலே விஎம்-களை ஓட்டும் கேவிஎம், டிஸ்க்குகளுக்கு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, சில நோடுகளில் அதற்குப் பதில் எல்விஎம்-தின் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் முறை).

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தாராளமாக நம்பிப் பயன்படுத்தலாம். கேவிஎம் பக்கம் கோளாறு என்று தேட வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வந்தது. "விஎம் ஸ்லோவா இருக்கு", "விஎம் தானா ஆஃப் ஆயிடுச்சு" என்று வரும் புகார்களைத் தோண்டினால் பெரும்பாலும் டிஸ்க்கிலோ, மெமரியிலோ, நிறுவிய நாளில் யோசிக்காமல் தேர்ந்த ஏதோ ஒரு அமைப்பிலோதான் போய் முடிகிறது. அதனால் இந்தக் குறிப்பில் ஸ்டோரேஜுக்கே அதிக இடம்.

ரெய்டு-இசட் கணக்கு

புதிதாக அமைப்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. ரெய்டு-இசட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து, சில டிஸ்க் போனாலும் டேட்டா மிஞ்சும்படி வைக்கும் இசட்எஃப்எஸ் முறை. 6 டிஸ்க் ரெய்டு-இசட்2 என்றால் 4 டிஸ்க் அளவு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போடுவோம். பெரிய கோப்புகளை வைத்தால் அந்தக் கணக்கு ஏறக்குறையச் சரி. விஎம் டிஸ்க்குகளுக்குச் சரிவராது.

காரணம் இதுதான். விஎம் டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரு இசட்வால் (இசட்எஃப்எஸ் உருவாக்கித் தரும் மெய்நிகர் டிஸ்க்). அது நிலையான பிளாக் அளவில் எழுதும். பழைய நிறுவல்களில் அந்த அளவு 8 கேபி. ஆஷிஃப்ட் (செக்டர் அளவைச் சொல்லும் அமைப்பு) 12 என்றால் ஒரு செக்டர் 4 கேபி. ஆக ஒரு பிளாக்குக்கு 2 டேட்டா செக்டர், ரெய்டு-இசட்2 என்பதால் 2 பாரிட்டி (டிஸ்க் போனால் மீட்க உதவும் கூடுதல் தகவல்) செக்டர், மொத்தம் 4. ஆனால் ரெய்டு-இசட்2 ஒதுக்கும் இடம் எப்போதும் 3-இன் மடங்காக இருக்க வேண்டும். எனவே 4 என்பது 6 ஆகிறது. 8 கேபி எழுத 24 கேபி போய்விட்டது. ரெய்டு-இசட்1-இலும் இதே கதைதான்: 2 டேட்டா, 1 பாரிட்டி, 2-இன் மடங்காக்கினால் 4. அதாவது மிரருக்கு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைப்பது) ஆகும் அதே இடம். வேகம் மட்டும் மிரரைவிடக் குறைவு.

பிராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பு முதல் இயல்பு பிளாக் அளவு 16 கேபி. அந்த அளவில் 6 டிஸ்க் ரெய்டு-இசட்2-க்கு 4 டேட்டா, 2 பாரிட்டி என்று 6 செக்டரில் கச்சிதமாக அடங்கிவிடும். ஆனால் பழைய விஎம் டிஸ்க்குகள் மேம்படுத்தலால் மாறுவதில்லை. பிளாக் அளவு உருவாக்கும்போதே உறைந்துவிடும். மாற்ற எளிய வழி: ஸ்டோரேஜ் அமைப்பில் பிளாக் அளவை 16 கேபி ஆக்கி, விஎம் டிஸ்க்கை வேறு ஸ்டோரேஜுக்கு நகர்த்தி, திரும்பக் கொண்டுவருவது. விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

இடம் போகட்டும், வேகம்தான் முக்கியம் என்றால் இன்னும் எளிது. ஒரு ரெய்டு-இசட் தொகுதி, எத்தனை டிஸ்க் இருந்தாலும், சிதறிய சிறு எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஒரு டிஸ்க்கின் வேகத்தைத்தான் தரும். விஎம்-கள் செய்வதோ பெரும்பாலும் அந்த வகை வேலை. எனவே விஎம்-களுக்கு மிரர் ஜோடிகள். ரெய்டு-இசட் பேக்கப்புக்கும் கோப்புச் சேமிப்புக்கும். பல வருடம் கழித்தும் மாற்றிக்கொள்ளத் தோன்றாத முடிவு இது.

எஸ்எஸ்டி வாங்கும்போது விவரப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடைப் பாதுகாப்பு. அதாவது டிஸ்க்குக்குள்ளேயே கெபாசிட்டர்கள் இருக்கிறதா என்பது. டேட்டாபேஸ் "எழுதியாச்சா?" என்று உறுதி கேட்கும் ஒவ்வொரு முறையும், இந்தப் பாதுகாப்பு உள்ள டிஸ்க் உடனே "ஆச்சு" என்று சொல்லலாம், இல்லாதது ஃபிளாஷ் வரை போய் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 'பிவிபெர்ஃப்' கட்டளையை ஓட்டி எஃப்சிங்க் வரியைப் பாருங்கள். விநாடிக்கு எத்தனை முறை இப்படி உறுதி சொல்கிறது என்பதே அந்த எண். சாதாரண டெஸ்க்டாப் எஸ்எஸ்டி சில நூறில் நிற்கும். பாதுகாப்புள்ளவை பல ஆயிரம் காட்டும். விளம்பரத்தில் போடும் விநாடிக்கு இத்தனை எம்பி என்ற எண்ணுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

விஎம் தானாக அணைந்தால்

ராத்திரி ஒரு விஎம் அணைந்திருக்கிறது, விஎம்-க்குள் லாகில் எதுவும் இல்லை என்றால் ஹோஸ்ட்டின் கெர்னல் லாகைத் திறந்து 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடுங்கள். ஹோஸ்ட்டில் ராம் தீர்ந்ததும் கெர்னல் பெரிய புராசஸ் ஒன்றைத் தேர்ந்து கொல்லும். ஹோஸ்ட்டில் பெரிய புராசஸ் எது? விஎம்தான்.

இதன் பின்னால் அடிக்கடி இருப்பது இசட்எஃப்எஸ் கேஷான ஆர்க். பழைய நிறுவல்களில் அது மொத்த ராமில் பாதி வரை வளரலாம். 8.1 முதல் புதிதாக நிறுவினால் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று நிறுவியே வரம்பு வைத்துவிடுகிறது. பழையதிலிருந்து மேம்படுத்திய மெஷின்களில் அந்த வரம்பு வராது. கையால் வைக்க வேண்டும். மாட்ப்ரோப் அடைவில் இசட்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் ஆர்க் மேக்ஸ் மதிப்பைப் பைட்டில் எழுதுங்கள். 8 ஜிபி என்றால் 8589934592. ரூட்டும் (ஹோஸ்ட்டின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால் அதோடு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பிறகு பழைய நிலைதான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஆர்க்கின் குறைந்தபட்ச அளவு இயல்பாக மொத்த ராமில் 32-இல் ஒரு பங்கு. 256 ஜிபி மெஷினில் அது 8 ஜிபி. அங்கே மேக்ஸையும் 8 ஜிபி என்று வைத்தால் இரண்டும் சமம். அப்போது மேக்ஸ் மதிப்பு சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். குறைந்தபட்ச மதிப்பையும் சேர்த்துக் குறைத்தால்தான் எடுபடும். எழுதியாச்சு என்று விட்டுவிடாமல், 'ஆர்க் சம்மரி' ஓட்டி வரம்பு நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாகாத, ஆனால் சாகப்போகும் டிஸ்க்

முழுதாகச் செத்த டிஸ்க்கால் பெரிய தொல்லை இல்லை. பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த மொத்தத் தொகுப்பு) 'டிகிரேடட்' என்று சொல்லிவிடும். தொல்லை தருவது பாதி உயிரோடு இருப்பவை. ஸ்மார்ட் சோதனை (டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்வது) 'பாஸ்ட்' என்கிறது, இசட்பூல் 'ஆன்லைன்' என்கிறது, ஆனால் எல்லா விஎம்-களும் விட்டுவிட்டு நின்று போகின்றன. இங்கே உதவுவது 'இசட்பூல் அயோஸ்டாட்' கட்டளை, டிஸ்க் வாரியாகத் தாமதத்தையும் காட்டும் 'வி', 'எல்' விருப்பங்களோடு. மிரரில் ஒரு டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் தன் ஜோடியைவிடப் பல மடங்கு இருந்தால் அதுதான் குற்றவாளி. அதை ஆஃப்லைன் செய்து பாருங்கள். உடனே எல்லாம் சீரானால் வேறு சான்று தேவையில்லை.

ஸ்மார்ட் அட்டவணையில் பொதுவான 'பாஸ்ட்' வரியை நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் பழுதான செக்டர்களைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களின் மூல மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் அது சிஆர்சி பிழை (டேட்டா போகும் வழியில் கெட்டது): கேபிளோ, பேக்பிளேன் கனெக்டரோ சரியில்லை. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். 199 பழைய எண்ணுக்கு இறங்காது. மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதே கேள்வி.

வன்பொருள் ரெய்டு கன்ட்ரோலர் உள்ள மெஷின்களில் (அவற்றில் எல்விஎம்-தின்தான், இசட்எஃப்எஸ் வேண்டாம்) வேறொரு கோளாறு வரும். ஒருநாள் காலையில் எழுதும் வேகம் திடீரென்று படுத்துவிடும்; டிஸ்க் எல்லாம் நலம், லாக் சுத்தம். கன்ட்ரோலரின் பேட்டரி நிலையைப் பாருங்கள். பேட்டரி போனால் கன்ட்ரோலர் ரைட்-பேக்கிலிருந்து (தன் மெமரியில் வாங்கியதும் 'ஆச்சு' என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே சொல்வது) தானே மாறிக்கொள்ளும். டேட்டாவைக் காப்பாற்ற அது செய்யும் சரியான வேலை அது. அவசரத்தில் கட்டாயமாக ரைட்-பேக்குக்குத் திருப்பிவிட்டு பேட்டரியை மறந்துவிட்டால், அடுத்த மின்தடையில் கோப்பு முறைமையே சிதையலாம்.

பூட் மிரரில் டிஸ்க் மாற்றுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலையோடு நிறுத்துபவர்கள் அதிகம். வரிசை இது. முதலில் 'எஸ்ஜிடிஸ்க்' கொண்டு நல்ல டிஸ்க்கின் பகிர்வு (பார்ட்டிஷன்) அட்டவணையைப் புதியதற்குப் பிரதியெடுங்கள். இங்கே பெரிய ஆர் விருப்பத்துக்குப் பின் வருவது புதிய டிஸ்க், தனியாக நிற்பது நல்ல டிஸ்க். மாற்றிப் போட்டால் காலி டிஸ்க்கின் அட்டவணை நல்லதன் மேல் ஏறிவிடும். ஒரு முறைக்கு இரு முறை சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே என்டர். அடுத்து பெரிய ஜி விருப்பத்தால் புதிய டிஸ்க்குக்கு வேறு அடையாள எண்கள். பிறகு மூன்றாம் பகிர்வை வைத்து 'இசட்பூல் ரீப்ளேஸ்'. ரீசில்வர் (புதிய டிஸ்க்குக்கு டேட்டா பிரதியாவது) முடிந்து பூல் பச்சையானதும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை. இரண்டாம் பகிர்வில் 'பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல்' கொண்டு முதலில் ஃபார்மட், பிறகு இனிட் செய்தாக வேண்டும். இதை விட்டால் மெஷின் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருக்கும். அந்தப் பழையதும் போகும் நாளில், டேட்டா முழுசாக இருந்தும் பூட் ஆகாது.

எல்விஎம்-தின் பக்கம் கவனிக்க வேண்டியது இரண்டு சதவீதங்கள். 'எல்விஎஸ்' காட்டும் டேட்டா, மெட்டா (எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு). டேட்டாவைப் பலரும் பார்க்கிறார்கள்; மெட்டா நிறைந்தாலும் பூல் எழுத மறுக்கும், அதிலிருந்து மீள்வது இன்னும் கடினம். தொகுதியில் காலி இடம் இருக்கும்போதே மெட்டாவை 1 ஜிபி கூட்டி வையுங்கள். அடுத்தது, விஎம்-க்குள் கோப்பை அழித்தால் பூலில் இடம் தானாகத் திரும்பாது. விஎம் டிஸ்க்கில் 'டிஸ்கார்டு' தேர்வு, விர்ட்-ஐஓ ஸ்கசி கன்ட்ரோலர், விஎம்-க்குள் வாராந்திர 'எஃப்எஸ்ட்ரிம்' (காலியான இடத்தை அறிவிக்கும் கட்டளை) ஆகிய மூன்றும் இருந்தால் திரும்பும்.

பேக்கப் ஓடும்போது விஎம் திணறினால்

ஸ்னாப்ஷாட் முறை பேக்கப்பில், இன்னும் பிரதியெடுக்காத பிளாக்கில் விஎம் எழுத வந்தால், பழைய பிளாக் முதலில் பேக்கப் இடத்துக்குப் போக வேண்டும். அதுவரை விஎம் காத்திருக்கும். ஆக பேக்கப் சர்வர் மெதுவாக இருந்தால் உற்பத்தியில் உள்ள விஎம்-உம் அதே வேகத்துக்கு இறங்கும். 8.2-இல் வந்த 'ஃப்ளீசிங்' இதற்கு நல்ல மருந்து: பழைய பிளாக்கை உள்ளூர் வேகமான டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு விஎம்-ஐ விடுவிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே மேம்படுத்தலாம்.

பேக்கப் சர்வரில் பழையவற்றைப் புரூன் செய்தும் இடம் கூடவில்லை என்று பதற வேண்டாம். புரூன் பட்டியலை மட்டுமே நீக்கும். இடத்தை விடுவிப்பது கார்பேஜ் கலெக்‌ஷன். அதுவும் கடந்த 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டுகளை விட்டுவைக்கும். டிஸ்க் 100 சதவீதம் ஆன பிறகு இந்தக் காத்திருப்பு மிகவும் வலிக்கும். 80-இலேயே எச்சரிக்கை வையுங்கள்.

ஹோஸ்ட்டின் ரூட் பகிர்வு திடீரென நிறைந்தால் பேக்கப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாத இரவில், பேக்கப் அந்தக் காலி அடைவுக்குள்ளேயே, அதாவது ரூட்டிலேயே எழுதித் தள்ளும். காலையில் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும்; கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் 'டியூ' காட்டாது, டிஸ்க்கின் காலி இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' மட்டும் நிறைந்தது என்னும். ரூட்டை இன்னொரு அடைவில் பைண்ட் மவுண்ட் செய்து உள்ளே பார்த்தால் அகப்படும். மீண்டும் நடக்காமலிருக்க, அந்த ஸ்டோரேஜுக்கு 'இஸ் மவுண்ட்பாயின்ட்' விருப்பத்தை இயக்குங்கள். மவுண்ட் இல்லையென்றால் பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும்.

கிளஸ்டரும் நெட்வொர்க்கும்

இரண்டு நோடு கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் நோடுகளின் கூட்டம்) ஒன்று விழுந்தால், பெரும்பான்மை ஓட்டு இல்லாததால் மற்றொன்றில் அமைப்பு அடைவு படிக்க-மட்டும் நிலைக்குப் போகும். ஓடும் விஎம் ஓடும், புதிதாக எதையும் தொடங்க முடியாது. அவசரத்துக்கு, ஒரு ஓட்டே போதும் என்று சொல்லும் 'பிவிசிஎம் எக்ஸ்பெக்டட் 1'. நிரந்தரத் தீர்வு, வேறொரு சிறிய மெஷினில் மூன்றாவது ஓட்டுக்காக ஒரு கியூடிவைஸ் (ஓட்டுப் போட மட்டும் இருக்கும் சிறு சேவை).

உயர்-கிடைப்பு (ஒரு நோடு விழுந்தால் விஎம்-களை மற்றொன்றில் தானாகத் தொடங்கும் வசதி) இயக்கியிருக்கும் நோடு காரணமில்லாமல் ரீபூட் ஆனால், அது பேக்கப் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கோரோசிங்க் செய்திகள் (நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது) பேக்கப் போகும் அதே கேபிளில் போனால், நெரிசலில் தாமதம் ஏறி, நோடு தனித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும்; சுமார் ஒரு நிமிடத்தில் வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் அதை ரீபூட் செய்யும். கோரோசிங்குக்குத் தனி கேபிள் போதும். 1 ஜிபிட் தாராளம்; அதற்கு வேண்டியது குறைந்த தாமதம், அகலம் அல்ல.

பிசிஐ கார்டு ஒன்றைச் சேர்த்தாலோ கெர்னல் மாறினாலோ நெட்வொர்க் கார்டின் பெயர் மாறி, விஎம்-களை நெட்வொர்க்கில் இணைக்கும் பாலம் (பிரிட்ஜ்) பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கலாம். பெரிய பதிப்பு மேம்படுத்தலுக்கு முன், மேக் முகவரியை வைத்துச் சிஸ்டம்டி லிங்க் கோப்பில் பெயரைப் பிணைத்துவிடுங்கள். 9-இல் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. கூடவே 'பிவிஇ8டு9' போன்ற சோதனைக் கட்டளையை முழு விருப்பத்தோடு ஓட்டி, மஞ்சள் எச்சரிக்கைகளையும் தீர்த்துவிட்டு, ஐபிஎம்ஐ (நெட்வொர்க் போனாலும் தொலைவிலிருந்து மெஷினின் திரையைப் பார்க்கும் வசதி) கன்சோல் வழியாக உள்நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே ரீபூட் கொடுங்கள்.