செங்கோட்டையில் ட்ரஸ் கூரை: புனலூர் ஒப்பந்தக்காரரைச் சரிபார்த்த விதமும் அவர் செய்த வேலையும்

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் மொட்டை மாடிக்கு மேல் இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) அமைத்துத் தகடு வேய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. இந்த வேலைக்குக் கணவாய்க்கு அப்பாலிருந்து, கேரளத்தின் புனலூர், கொல்லம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. அடைமழை ஊரில் கைபழகியவர்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது நியாயமான காரணம்தான், ஆனால் பாதிக் காரணம். மலைக்கு மேற்கே கூரையின் எதிரி மழை. கிழக்கே நமக்கு எதிரி, ஆனி முதல் ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலோடு இறங்கும் காற்று. எங்கள் வீட்டு மாடிக்கு மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, கடைசியில் புனலூர்க்காரர் ஒருவருக்கு வேலையைக் கொடுத்தேன். பெயரை வெளியிட அவரிடம் ஒப்புதல் கேட்கவில்லை என்பதால் அதைத் தவிர்த்து, அவரை எப்படிச் சரிபார்த்தேன், வேலை எப்படி அமைந்தது என்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தனியார் வீட்டுக்குக் கூரை போடுகிறவருக்கென்று தனி உரிமம் எதுவும் இங்கே கிடையாது. எனவே "லைசென்ஸ் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது எந்தக் காகிதம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பொதுப்பணித் துறை ஒப்பந்தக்காரர் பதிவு அரசு வேலைகளுக்கானது. உத்யம் சான்றிதழ், 2020 ஜூலை முதல் சிறுதொழில் செய்வோர் தாமே விவரங்களை அறிவித்து இணையத்தில் பெறுவது; ஒருவர் தொழில் நடத்துகிறார் என்பதைக் காட்டுமே தவிர, அவருக்கு வெல்டிங் தெரியுமா என்பதைக் காட்டாது. நான் விலைப்புள்ளி வாங்கியவர்களில் ஒருவர் இந்தச் சான்றிதழைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். அதற்குக் கீழே உட்கார்ந்து அவர் சொன்ன எதையும் அது உறுதிப்படுத்தவில்லை.

உண்மையில் பயன்பட்டது ஜிஎஸ்டி எண். பதினைந்து எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. விலைப்புள்ளித் தாளில் கம்பெனி என்று பெரிதாக அச்சிட்டிருந்த ஒருவர் தனிநபர் என்பது இப்படித்தான் தெரிந்தது. தனிநபராக இருப்பதில் குற்றமில்லை. அப்படியானால் ஒப்பந்தத்தில் அவருடைய சொந்தப் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் இட்டால், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா, எந்தத் தேதியில் பதிவானது, மாதக் கணக்குகளைத் தவறாமல் தாக்கல் செய்கிறாரா என்பதெல்லாம் கட்டணமின்றித் தெரியும். புனலூர்க்காரரின் கணக்குகள் இடைவெளியின்றி இருந்தன. ஆனால் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததே 2017 ஜூலை 1 அன்று என்பதால், அதற்கு முந்தைய அனுபவத்தை அந்தத் தளம் காட்டாது.

எல்லை கடந்து வேலைக்கு ஆள் எடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அசையாச் சொத்து தொடர்பான சேவைக்கு, சொத்து இருக்கும் இடமே வரிக்கான இடம். ஆகவே கேரளப் பதிவு உள்ளவர் செங்கோட்டை வீட்டுக்கு வேலை செய்தால், பில்லில் மாநில வரியும் மத்திய வரியும் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து வராமல் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான ஜிஎஸ்டி) 18 சதவீதம் என்று ஒரே வரியாக வர வேண்டும். சிறு தொழில் செய்வோருக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர் வெளிமாநில வேலையை எடுக்கவே முடியாது. வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவும் கூடாது. மூவரில் ஒருவர் அந்தத் திட்டத்தில் இருந்துகொண்டே 18 சதவீதத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அவரை அத்தோடு விட்டுவிட்டேன். மற்றொருவர் "பில் இல்லாமல் செய்தால் குறைத்துத் தருகிறேன்" என்றார். நம் பக்கத்தில் இது வழக்கமான பேச்சு, தொகையும் ஆசை காட்டும். ஆனால் பில் இல்லையென்றால் நாளை புகார் கொடுக்கக் கையில் சான்று எதுவும் மிஞ்சாது.

புனலூர்க்காரர் ஏதாவது பிழை செய்தால் கொல்லத்துக்கு அலைய வேண்டியிருக்குமே என்று வீட்டில் தயங்கினார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நுகர்வோர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்த்தரப்பு எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இது தெரிந்த பிறகே எல்லை ஒரு தடையாகத் தோன்றவில்லை. கூடவே, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரை இட்டுத் தேடும் வசதியில் அவர் பெயரைக் கொல்லம் மாவட்ட நீதிமன்றங்களில் தேடிப் பார்த்தேன். வழக்கு எதுவும் தென்படவில்லை. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் இந்தத் தேடலுக்கு ஓரளவு மதிப்பே கொடுக்கலாம்.

இவையெல்லாம் ஆள் யார், நாளை கிடைப்பாரா என்ற கேள்விகளுக்கான விடைகள். வேலை தெரிந்தவரா என்பதை அவர் போட்ட கூரைகளிடம்தான் கேட்க வேண்டும். அதிலும் புதிய கூரைகளிடம் அல்ல. எல்லோரும் போன மாதம் முடித்த வேலையின் படங்களைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். ஐந்து சாரல் பருவமாவது கண்ட, கணவாய்க் காற்று நேராக அடிக்கும் இடத்தில் உள்ள கூரையைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, புனலூர்க்காரர் மட்டுமே உடனே முகவரிகள் கொடுத்தார். தெற்குமேட்டில் ஒரு வீடு, புளியரையில் ஒரு மாட்டுத்தொழுவம், ஆரியங்காவில் ஒரு வீடு. அவர் உடன் வராமல் நானே போய்ப் பார்த்தேன். ஆரியங்காவு வீட்டுப் பெரியவர் சொன்னது இது: "மழ சரிஞ்சு வந்தா இந்த மூலை மட்டும் கொஞ்சம் நனையும் தம்பி. தகடு ஒண்ணும் ஆடல. கூப்பிட்டா வருவான், ஆனா ரெண்டு தடவ கூப்பிடணும்." அவர் தந்த நற்சான்று முழுமையாக இல்லாததாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

காற்றைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் கணக்கு இருக்கிறது. கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நொடிக்கு 39 மீட்டரை அடிப்படை வேகமாகக் கொள்கிறது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 900 நியூட்டன். அதாவது 90 கிலோ எடைக்குச் சற்று மேல். அரை மில்லிமீட்டர்த் தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட இல்லை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மேல்நோக்கிய இழுப்பு இன்னும் கூடுதல். ஆகவே கூரையைப் பிடித்து நிறுத்துவது திருகாணிகளும், கால்களைக் கட்டடத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளும்தான். பார்த்த மூன்று இடங்களிலும் கால் தகடுகள் கைப்பிடிச் சுவரின் மேல் நிற்காமல் தூண்களின் தலையில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தன. ஓர வரிசையில் திருகாணிகள் நெருக்கமாக இருந்தன. வெல்டிங் செய்த இடங்களில் துருவைக் காணவில்லை. இங்குள்ள வேறு சில வீடுகளில் ட்ரஸ்ஸின் கால்கள் வெறும் செங்கல் சுவரில் சொருகப்பட்டிருப்பதைச் சாலையில் நின்றே பார்க்கலாம்.

இனி வேலை. தகட்டின் தடிமன் பற்றிய பேச்சில் அவர் நேர்மையாக நடந்துகொண்டார். கடைகளில் சொல்லும் 0.50 என்பது பூச்சையும் சேர்த்த அளவு, உள்ளிருக்கும் இரும்பு அதைவிடக் குறைவு என்பதைத் தாமாகவே சொல்லி, அலுமினியம்-துத்தநாகப் பூச்சு இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் உள்ள தகட்டைப் பரிந்துரைத்தார். லாரி வந்ததும் தகட்டின் அடிப்பக்க அச்சைக் காட்டி, மைக்ரோமீட்டரால் அளந்தும் காட்டினார். ட்ரஸ் வேலை மிக நேர்த்தி. வெல்டிங்கில் எரிந்துபோன துத்தநாகப் பூச்சுக்கு மேல் துத்தநாகம் கலந்த பிரைமரைத் தவறாமல் அடித்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பணியாட்கள் ஓரத் தகடுகளைக் கட்டிங் வீலால் அறுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சூடு பூச்சை எரித்துவிடும், தெறிக்கும் இரும்புப் பொடி தகட்டில் ஒட்டித் துருக்கறையாகும். சொன்ன பிறகு கத்தரிக்கு மாறினார்கள் என்றாலும், மேற்கு மூலையில் பழுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. பாதுகாப்பு பெல்ட் கொண்டு வந்திருந்தார்கள். மேஸ்திரி பார்க்கும்போது மட்டும் அணிந்தார்கள். பணியாட்களுக்கான விபத்துக் காப்பீட்டுத் தாளின் நகலை முன்பே வாங்கி வைத்திருந்ததால் சற்று நிம்மதியாக இருந்தேன். கூரை ஓர மழைநீர் வாய்க்காலின் இணைப்பு ஒன்று முதல் மழையிலேயே ஒழுகியது. பெரியவர் சொன்னபடியே இரண்டு முறை அழைத்த பிறகு ஆள் வந்து சரிசெய்தார். இறுதித் தொகையில் பத்து சதவீதத்தைச் சாரல் முடியும் வரை நிறுத்திவைப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது இதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உத்தரவாதத்தையும் இரண்டாகப் பிரித்து வாங்கினேன். தகட்டு நிறுவனம் தருவது பூச்சுக்கானது. ஒழுகலுக்கும் திருகாணிக்கும் அது பொருந்தாது. பொருத்திய வேலைக்கு ஒப்பந்தக்காரரே தம் கையெழுத்தோடு, ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிட்டு, ஐந்து ஆண்டுகளுக்குத் தனிக் கடிதம் கொடுத்தார்.

இவருடைய விலை மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்தது அல்ல. ட்ரஸ்ஸுக்கும் தகட்டுக்கும் இவரைத் தயங்காமல் அழைக்கலாம். மழைநீர்க் குழாய் வேலையை மட்டும் உள்ளூர்ப் பிளம்பரிடம் கொடுப்பது நல்லது. வைகாசிக்குள் கூரை ஏற வேண்டுமென்றால் மாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். பங்குனிக்குப் பிறகு அவருடைய ஆட்கள் கொல்லம் பக்க வேலைகளை விட்டு இந்தப் பக்கம் வருவதில்லை.