கடிக்கும் குழந்தை: தண்டிப்பதா, தனியே அமர்த்துவதா, சொல் எடுத்துக் கொடுப்பதா?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் கடிப்பது பரவலாகக் காணப்படுவதுதான். கோபம் பொங்கும் வேகத்துக்குப் பேச்சு ஈடுகொடுக்காத பருவம் அது. அதை நிறுத்தப் பெரியவர்கள் கையாளும் வழிகள் எல்லாம் ஒரே பலனைத் தருவதில்லை.

"வலித்தால்தான் புத்தி வரும்" என்று திருப்பிக் கடிப்பதையும் அடிப்பதையும் நான் அறவே ஏற்கவில்லை. குழந்தை அழுது அடங்குவதால் வழி பலித்ததுபோல் தோன்றும். ஆனால் கோபம் வந்தால் பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதே அதன் மனத்தில் பதிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் அடிப்பதையும் அவமானப்படுத்திப் பேசுவதையும் தவிர்க்கச் சொல்கிறது.

வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் தனியே உட்கார வைப்பது இதைவிட மேல். குழந்தைக்கும் பெரியவருக்கும் கோபம் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். எனினும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏன் ஒதுக்கப்பட்டோம் என்பது புரியாது; கடிப்பதற்குப் பதில் என்ன செய்வது என்பதையும் இது கற்றுத் தருவதில்லை.

அந்த மாற்றைக் கற்றுத் தரும் வழியையே நான் முதலில் வைப்பேன். ஒரே பொம்மைக் காருக்கு இருவர் கை நீட்டும்போது, கடிக்கப்போகும் குழந்தையின் உடல் விறைக்கும், அடுத்தவர் கையை இறுகப் பற்றும், வாய் திறக்கும். அந்த நொடியில் இடையே கையை வைத்துத் தடுத்து, "'எனக்கு வேணும்'னு சொல்லு" என்று சொல் எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு உள்ளங்கையை நீட்டிக் கேட்கும் சைகை போதும். கடி விழுந்துவிட்டால் கடிபட்ட குழந்தையை முதலில் கவனித்து, தோல் கிழிந்திருந்தால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி மருத்துவரிடம் காட்டிய பிறகே மற்றவை என்றாலும், "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்ற உறுதியான ஒரு வாக்கியத்தைக் கடித்த குழந்தையிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நீண்ட அறிவுரை வீண். இவ்வழி பலன் தர வாரக்கணக்கில் ஆகலாம், அருகிலேயே ஒருவர் இருந்தாகவும் வேண்டும். அதன் உண்மையான குறை இதுதான்.

கடிப்பதற்கான வளையம் ஈறு குறுகுறுக்கும்போது மட்டுமே உதவும். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதையொட்டி முளைப்பதால் அப்போது முயன்று பார்க்கலாம். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் கடிக்கும் குழந்தைக்கு உணவும் உறக்கமுமே மருந்து.

மூன்று வயதைத் தாண்டியும் அடிக்கடி கடித்தாலோ பேச்சு பின்தங்கியிருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.