பாமினியில் வினாத்தாள் தட்டுவோருக்கு: வேர்டின் சமன்பாட்டுப் பெட்டி

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில விசைகளிலேயே தமிழெழுத்து வரும் பழைய எழுத்துருவில், நானே தட்டுவேன். முன்பு தொகையீடும் பின்னமும் வருமிடங்களை வெறுமையாக விட்டு, அச்செடுத்தபின் கறுப்புப் பேனையால் நிரப்பிப் போட்டோகொப்பிக்குக் கொடுப்பேன். ஒருமுறை தொகையீட்டின் மேல் எல்லையை எழுத மறந்துபோனேன். முழு வகுப்பும் அந்தக் கணக்கிலேயே நேரத்தைத் தொலைத்தது. அன்றிரவுதான் மைக்ரோசொஃப்ட் வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியைப் பழகத் தொடங்கினேன்.

ஆல்ட்டையும் சமன் குறியையும் சேர்த்து அழுத்தினால் வரிக்குள்ளேயே பெட்டி திறக்கும். 2007 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பெட்டிக்குள் கேம்ப்ரியா மத் எழுத்துருதான் வேலை செய்யும், பாமினி அங்கே வராது. பாமினியில் எக்ஸ் தட்டினால் 'ஒ', எம் தட்டினால் 'அ' அல்லவா? பெட்டிக்குள் எக்ஸ் எக்ஸாகவே வருகிறது. எழுத்துருவை மாற்றி மாற்றி அலுத்த எனக்கு இதுவே பெரிய ஆறுதல். யூனிகோட்டில் தட்டுவோர் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றியாக வேண்டும்.

வாயால் சொல்லும் ஒழுங்கிலேயே கை போகிறது. பின்சாய்கோடு போட்டு 'இன்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, _0^1 சேர்த்து ஸ்பேஸ் அழுத்தினால் எல்லைகளோடு தொகையீட்டுக் குறி ∫ நிற்கும். 3/4 தட்டி ஸ்பேஸ் விட்டால் மேலும் கீழுமாகப் பின்னமாகிவிடும். தொகுதியில், அதாவது பின்னத்தின் மேற்பகுதியில், கூட்டல் இருந்தால் அடைப்புக்குள் போடுங்கள், அடைப்பு தானாக மறையும். அடைப்பும் தெரியவேண்டுமென்றால் இரட்டை அடைப்பு. சைன், கொஸ் தட்டியதும் ஒரு ஸ்பேஸ் கட்டாயம். விட்டால் அவை மாறிகளைப்போலச் சாய்ந்தே நிற்கும், பிள்ளை பெருக்கமென்று வாசிக்கும். தாங்களே தாள் தட்டுகிற பல ஆசிரியர்கள் கவனிக்காத இடம் இது.

தாயம், அதாவது மேட்ரிக்ஸ்தான் கொஞ்சம் கரைச்சல். பின்சாய்கோடு போட்டு 'மேட்ரிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, அதன்பின் அடைப்புக்குள் 1&2@3&4 என்று கொடுக்கவேண்டும். & நிரல்களைப் பிரிக்கும், @ அடுத்த நிரைக்குக் கொண்டுபோகும். இரண்டு மாலை பழகினேன், இப்போது கை தானாக ஓடுகிறது. 'எனின்', 'ஆகவே' போன்ற சொற்களை வலது அம்பை அழுத்தி வெளியே வந்தே தட்டுகிறேன்.

கோப்பைப் பழைய 97-2003 வடிவத்தில் சேமிக்காதீர்கள். சமன்பாடுகள் படங்களாகிவிடும், அந்த வடிவத்தில் இருக்கும்வரை ஓரெழுத்தையும் திருத்த முடியாது. அச்சுக்கு நான் பீடிஎஃப் மட்டுமே கொடுத்தனுப்புகிறேன்.