தளத்தின் கடைக்கோடிக்கு மின்சாரம்: ஃபீடர் பில்லரா, கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரா, காம்பாக்ட் சப்ஸ்டேஷனா?

எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு முன், எவ்வளவு சுமை எவ்வளவு தூரம் போகிறது என்று கணக்குப் போடுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

மெயின் பேனலிலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒரு பம்ப் ஹவுஸும் பட்டறையும், மொத்தம் 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 400 வோல்ட்டில், 0.85 பவர் ஃபேக்டரில் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 170 ஆம்பியர் ஓடும். 240 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் ஒன்றை இழுத்தால், ஓடும்போது அதன் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.14 ஓம். கடைசி முனையில் 28 வோல்ட் குறையும், 7 சதவீதம். கேபிள் மட்டும் 7 கிலோவாட்டை வெப்பமாக விழுங்கும். இந்த நிலையில் 22 கிலோவாட் மோட்டார் ஒன்றை நேரடி ஸ்டார்ட்டரில் (முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுப்பது) ஓடவிட்டால் இன்னொரு 28 வோல்ட் விழும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அப்போது மோட்டாருக்குக் கிடைப்பது முக்கால் பங்குதான். பம்ப் முனகிக்கொண்டே நின்று ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிகும்போது மோட்டாரை நிறுத்தும் கருவி) விழுவதற்கு இதுவே காரணம். மோட்டாரைப் பழிப்பதில் பயனில்லை.

அதே சுமை 11 கே.வி.யில் (11,000 வோல்ட்) 6.2 ஆம்பியர். தூரம் பெரிய பொருட்டாகவே இருக்காது.

ஆகவே இந்தச் சுமைக்கு 400 மீட்டருக்குள் என்றால் எல்.டி. (400 வோல்ட் தாழ்வழுத்த) கேபிளும் ஃபீடர் பில்லரும் (வந்த மின்சாரத்தைச் சிறு கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போதும். ஃபியூஸ் மாற்றவும் எம்.சி.சி.பி. (பெரிய மின்னோட்டத்துக்கான தானியங்கி சுவிட்ச்) மாற்றவும் சாதாரண எலக்ட்ரீஷியனே போதும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் பில்லரிலிருந்து கிளம்பும் சிறு கேபிள்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி 200 மீட்டர் ஓடினால், போய்த் திரும்பும் பாதையின் தடை 1.23 ஓம். எர்த் ஃபால்ட் மின்னோட்டம் (கம்பி உலோக உடலில் பட்டு எர்த் வழியே ஓடுவது) 190 ஆம்பியரைத் தாண்டாது. 32 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. (சிறு தானியங்கி சுவிட்ச்) உடனடியாக விழும் என்று உறுதியாகச் சொல்ல 320 ஆம்பியர் வேண்டும். எம்.சி.பி. விழும்வரை மோட்டார் உடலில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இந்த இடங்களில் ஆர்.சி.டி. (எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டதும் துண்டிக்கும் கருவி) இல்லாமல் விடவே கூடாது. கையில் பிடிக்கும் கருவிகளுக்கான சாக்கெட்டுக்கு 30 மில்லிஆம்பியர்.

தூரம் அதற்கு மேல் போனால், இந்த அளவுச் சுமைக்குக் கம்பத்தில் 160 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் நல்ல தேர்வு. காற்றோட்டம் தானாகக் கிடைக்கும், வெள்ளம் எட்டாது, டிராப் அவுட் ஃபியூஸ் (உருகியதும் கீழே தொங்கிவிடும் ஃபியூஸ்) விழுந்தால் தரையிலிருந்தே தெரியும். இடிதாங்கி அரெஸ்டரை டிரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங்குக்கு (கம்பி உள்ளே நுழையும் பீங்கான் காப்பு) ஒட்டி வையுங்கள். இணைப்புக் கம்பி நீளமானால் அதிலேயே மின்னழுத்தம் ஏறி காப்பு உடையும். கிரேன் நடமாடும் தளம் என்றால் மேல்நிலைக் கம்பியையே மறந்துவிடுங்கள்.

அங்கேதான் காம்பாக்ட் சப்ஸ்டேஷன் (டிரான்ஸ்ஃபார்மரும் சுவிட்சுகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கியது) தன் விலைக்கு நியாயம் செய்கிறது: நிலத்தடி ஹெச்.டி. (உயரழுத்த) கேபிள், பூட்டிய அறைகள், வெளியே தெரியும் மின்முனை எதுவும் கிடையாது. இதன் குறை, வெப்பம். அடைப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் திறந்தவெளியில் இருப்பதைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பதை 10, 20, 30 போன்ற வகுப்பெண் சொல்லும். 30 வகுப்பை வாங்கிவிட்டு முழுச் சுமையை எதிர்பார்க்கக் கூடாது. ஆர்.எம்.யூ. (உள்ளே இருக்கும் ஹெச்.டி. சுவிட்ச் தொகுதி) பழுதானால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் ஆள்தான் வரவேண்டும். ஒதுக்குப்புறத் தளத்தில் அது நாள்கணக்கு.

எதை வாங்கினாலும் பெட்டியை ஐபி எண்ணை (தூசியும் நீரும் புகாத அளவைச் சொல்லும் எண்) மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். ஐபி 65 பெட்டி மழையை நிறுத்தும். இரவுக் குளிரில் உள்ளேயே வியர்க்கும் ஈரத்தை நிறுத்தாது. அடியில் வடிகால் பிளக் வேண்டும். கேபிளைக் கீழிருந்தே நுழையுங்கள். மேலே துளையிட்டுச் சரியாக அடைக்காவிட்டால் அந்த எண் செல்லாது. காலியான கிளாண்ட் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் வளையம்) துளைகளை அடைக்காவிட்டால் எலியும் பாம்பும் குடியேறும். கடலோரம் என்றால் பவுடர் பூசிய இரும்பைவிட 316 ஸ்டெயின்லெஸ் அல்லது ஃபைபர். அலுமினியக் கேபிள் செம்பு பஸ்பாரில் (மின்சாரம் பிரியும் உலோகப் பட்டை) சேரும் இடத்தில் பைமெட்டாலிக் லக் (ஒருபுறம் அலுமினியமும் மறுபுறம் செம்புமான கேபிள் முனை) போட்டு, குறித்த டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்குங்கள். கேபிள் எரிவதைவிட லக் எரிவதுதான் அதிகம்.