14 மாதம், 55 செஷன், 99,000 ரூபாய்: தெரபிக்குப் போன கதை

எனக்கு 42 வயது, சென்னை. வியாதி என்று ஒன்றும் இல்லை, தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகிறேன். ஆனால் ஆபீஸ், புகுந்த வீடு, தோழிகள் என்று எல்லா இடத்திலும் எனக்கு ஒரே கதைதான். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவேன், இரண்டு மூன்று வருடம் கழித்து ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெடித்துப் பேச்சையே முறித்துக்கொள்வேன். மூன்றாவது தடவையும் இப்படி நடந்தபோதுதான், தப்பு எப்போதும் எதிராளியிடமே இருக்க முடியாதே என்று உறைத்தது.

முதலில் போனது வேறொரு இடம். அந்தக் கவுன்சலர் முதல் அரை மணி நேரத்திலேயே "நோ சொல்லப் பழகுங்க" என்று பத்து வாக்கியம் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டார். நோ சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியும், அது வாயில் வராததுதானே பிரச்சினை? அதையும் அவரிடம் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன் பாருங்கள். மூன்று செஷனோடு நிறுத்திவிட்டேன்.

அப்புறம் கொஞ்சம் விசாரித்தேன். கவுன்சலர் என்ற போர்டு வேறு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேறு. பின்னவர் எம்.ஃபில் மாதிரியான படிப்பை முடித்து, ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா என்ற அரசு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாத்திரை எழுதித் தருவது சைக்கியாட்ரிஸ்ட், அது தனி.

இப்போது போகும் இடத்தில் நடப்பது சைக்கோடைனமிக் தெரபி, அதாவது பழைய உறவுகளில் பழகிப்போனது இன்றைக்கும் எப்படித் திரும்ப வருகிறது என்று பேசிப் பேசிப் பார்ப்பது. ஃப்ராய்டு வழி வந்ததுதான், ஆனால் சோபாவில் எல்லாம் படுக்க வேண்டாம், எதிரெதிரே இரண்டு நாற்காலி, 50 நிமிடம், வாரம் ஒரு முறை. ஹோம்வொர்க் இல்லை, அறிவுரை இல்லை, பேச்சைத் தெரபிஸ்ட் தொடங்கி வைப்பதுகூட இல்லை. முதல் இரண்டு மாதம் எனக்கு அவஸ்தையாக இருந்தது, 1,800 ரூபாய் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்டு. வீட்டுக்காரர் வேறு, "என்கிட்ட சொன்னா ஓசியிலயே கேப்பேனே" என்பார். கேட்பார்தான், ஆனால் ஐந்தாவது நிமிடம் தீர்வு சொல்லிவிடுவார். இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்றார் சித்தப்பா. 1922-லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுக்குச் (சைக்கோஅனாலிசிஸ்) சங்கம் வைத்துவிட்டார், சித்தப்பா என்றேன் (மனசுக்குள்தான்).

நான் ரொம்ப நாள் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தேன். கான்ஃப்ளிக்ட் அவாய்டன்ஸ் (சண்டையைத் தவிர்ப்பது), பவுண்டரி (எல்லை வகுப்பது) என்று யூடியூபில் பொறுக்கிய வார்த்தைகள். ஒருநாள் அவர், "இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டார். "சத்தம் போடாதடி, அப்பா கோவிச்சுக்குவாரு" என்று அம்மாவின் குரலிலேயே வந்தது. அதற்கு மேல் அன்றைக்குப் பேச முடியவில்லை. தெரபிஸ்டுக்கு உங்கள் மொழி தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், என் கணக்கில் டிகிரிக்கு அடுத்து இதுதான் முக்கியம்.

ஏழாவது மாதம் நடந்ததைச் சொல்லாமல் இந்த ரிவ்யூவுக்கு அர்த்தமே இல்லை. அன்று அவர் 12 நிமிடம் லேட். மன்னிப்புக் கேட்டார். நான் "பரவாயில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனேன், நடுநடுவே அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். "மூணாவது தடவை சொல்றீங்க. நிஜமாவே பரவாயில்லையா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன், ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அப்படி ஒரு கோபம், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று மெசேஜ்கூட டைப் செய்தேன். மூன்று வருடக் கதை மூன்று மணி நேரத்தில் நடந்து முடிந்திருந்தது! அனுப்பவில்லை, அடுத்த வாரம் போய் அந்த மெசேஜைப் படித்துக் காட்டினேன். அவர் பதறவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. வெளியே எல்லோரிடமும் செய்வதைத் தெரபிஸ்டிடமும் செய்துபார்ப்போமாம், இதற்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். பெயர் கிடக்கட்டும், கோபத்தைச் சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் எழுந்து போகவில்லை என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

குறைகள் நிறைய. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் ரத்து செய்தால் முழு ஃபீஸ், பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் விலக்கு இல்லை. வெயிட்டிங் ரூமில் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டிருக்கிறார்கள், தெரிந்தவர் யாராவது வந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் என் பாலிசியில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம், வெளிநோயாளிக்குக் கிடையாது. ஆகமொத்தம் 99,000 ரூபாய் என் கையிலிருந்துதான் போயிருக்கிறது, பல வீடுகளில் இது முடியாத காரியம் என்று தெரியும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது ஆகாது. உயிரை விட்டுவிடலாமா என்கிற மாதிரி எண்ணம் ஓடுகிறதென்றால் இந்த நிதானமான வேலைக்குக் காத்திருக்காதீர்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து ஃபீஸ் 2,000 ஆகிறதாம். பரவாயில்லை மேடம் என்று நுனிநாக்கு வரை வந்தது, "எனக்குக் கஷ்டம்தான், யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.