2019 வரிசை நாணயங்கள்: விரலுக்கு நல்லது, கல்லாவுக்கு வம்பு

2019 மார்ச் 7 அன்று வெளியான நாணய வரிசையில் கணக்கு சுத்தம். மதிப்பு கூடக் கூட எடையும் கூடுகிறது. ஒரு ரூபாய் 20 மி.மீ. விட்டம், 3.09 கிராம். இரண்டு ரூபாய் 23 மி.மீ., 4.07 கிராம். ஐந்து ரூபாய் 25 மி.மீ., 6.74 கிராம். பத்துக்கும் இருபதுக்கும் அளவு ஒன்றுதான், 27 மி.மீ.; ஆனால் பத்து வட்டம், 7.74 கிராம், இருபதுக்குப் பன்னிரண்டு பக்கம், 8.54 கிராம். பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்தே மதிப்பைச் சொல்லிவிட வேண்டும் என்பது நோக்கம். ஐந்தையும் வரிசையாக மேசையில் வைத்தால் அது நடக்கிறது.

கல்லாப்பெட்டியில் நடப்பதில்லை. பழைய காசுகளும் செல்லும் என்பதால் எல்லாம் கலந்தே கிடக்கின்றன. 1992 வரிசையின் எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011 வரிசையின் இரண்டு ரூபாய்க்கும் அதே விட்டம், அதே எடை, அதே உலோகம்! இப்போதைய ஐந்து ரூபாயும் 25 மி.மீ. ஆக, ஒரே விட்டத்தில் மூன்று மதிப்புகள். 2011இல் ஐந்து ரூபாய் 23 மி.மீ., இரண்டு ரூபாய் 25. 2019இல் அப்படியே தலைகீழ். இந்த வரிசையின் பெரிய குறை இதுதான். தனியாகப் பார்த்தால் பிழையில்லை. ஏற்கெனவே கைக்குப் பழகிய கணக்கை யாரும் பார்க்கவில்லை.

தினமும் புழங்கும் பொருளை மனம் படம் பிடித்து வைப்பதில்லை. 'ஐந்து என்றால் மஞ்சள், கெட்டி', 'பத்து என்றால் இரண்டு நிறம்' என்று ஒரு மனச்சட்டகம் மட்டும் போட்டுக்கொண்டு, மீதியை ஊகித்து நிரப்புகிறது. 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் ஒரு சென்ட் காசின் 15 படங்களைக் காட்டி, சரியானது எது என்று கேட்டார்கள். பாதிப் பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் எலிசபெத் ராணியின் முகம் காசில் வலப்பக்கம் பார்க்கும், தபால்தலையில் இடப்பக்கம் பார்க்கும். காசை நினைவிலிருந்து சொன்னவர்களில் பெரும்பாலோர் இடப்பக்கம் என்றார்கள். நீங்களும் பார்க்காமல் சொல்லுங்கள்: புதிய ஒரு ரூபாயில் ஆங்கில 'இந்தியா' சிங்கத்துக்கு எந்தப் பக்கம்? வலப்பக்கம். ஆண்டின் அடியில் இருக்கும் சின்னக் குறி? அது காசு எந்த ஊர் ஆலையில் அச்சானது என்பதைச் சொல்லும்: ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தா என்றால் ஒன்றுமில்லை. செலவழிக்க இதெல்லாம் தேவையில்லை. அதனால் மனமும் வாங்கி வைக்கவில்லை.

மனச்சட்டகம் காசையே பொய்யாக்கிய கதைக்குப் பத்து ரூபாய் சாட்சி. ரூபாய்க் குறியீடு 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. 2011 முதல் காசில் வந்தது. அதற்கு முந்திய பத்து ரூபாயில் குறியீடு எப்படி இருக்கும்? அதில் கதிர்போல் விரியும் கோடுகள் 15, பிந்தியதில் 10. ஒன்றைப் பார்த்துப் பழகியவர்கள் மற்றதைக் கள்ளக்காசு என்றார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'பத்து ரூபா காசு வேணாங்க' நிற்கவில்லை.

இருபது ரூபாய் இதே குழியில் விழுகிறது. பத்தில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை. இருபதில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் கண்ணுக்கு 'இரண்டு நிறம்' என்பது மட்டும் படும், இருபது பத்தாகப் போய்விடும். பன்னிரண்டு பக்கம் வட்டத்துக்கு மிக நெருங்கிய வடிவம் என்பதால் முனைகளும் மழுங்கல்தான். ஏழெட்டுப் பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

கல்லாவில் உட்காருபவர்கள் அளவு பார்த்துப் பிரிப்பதை விட்டுவிடுங்கள். முதலில் நிறம். இருநிறக் காசுகளைத் தனியே எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். முனை தட்டினால் இருபது. முழு மஞ்சள் என்றால் ஐந்து. வெள்ளையில்தான் கவனம் வேண்டும்: அங்கே எண்ணைப் படித்தே ஆக வேண்டும். 1992 வரிசையின் தடித்த ஐந்தும் வெள்ளைதான், 23 மி.மீ., 9 கிராம். அது புதிய இரண்டு ரூபாயின் விட்டம். தராசில் வைத்து எண்ணும் பழக்கம் இருந்தால், பழைய ஒரு ரூபாய் நூறும் 485 கிராம், 2011 வரிசை இரண்டு ரூபாய் நூறும் 485 கிராம் என்பதை மறக்க வேண்டாம். நூறு ரூபாய் வித்தியாசத்தைத் தராசு காட்டாது.

பார்வையற்றவர்களுக்கு இந்த வரிசை முழுப் பயன் தர ஒரே வழி, பையில் புதிய காசு மட்டும் இருப்பது. வீட்டில் யாராவது ஒருமுறை பிரித்துக் கொடுத்து, பழையவற்றை முதலில் செலவழித்துவிட்டால் 20, 23, 25 என்ற ஏற்றம் விரலுக்குத் தெளிவாகப் பிடிபடும். பழையதை மொத்தமாக ஒரே கடையில் தள்ள நினைத்தால் ஒரு வரம்பு உண்டு: 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலான காசுகளும் ரூ.1,000 வரைதான் சட்டப்படி செல்லும் பணம்.