ஹஸ்தம்பட்டி பேலன்ஸ் கிளாஸ்: வகுப்புக்குக் கொடுக்கலாம், மெஷினுக்கு வேண்டாம்

சேலம் ஹஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பிசியோதெரபி மையத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு பேலன்ஸ் கிளாஸ் நடத்துகிறார்கள். வாரம் மூன்று நாள், காலை ஏழு மணி, மாதம் 1,800 ரூபாய். நானும் வீட்டம்மாவும் சேர்ந்துதான் போகிறோம். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. வகுப்புக்குக் கொடுத்தது வீண் போகவில்லை. தள்ளாட்டம் குறைய என்று தலையில் லேசான மின்சாரம் விடுகிற மெஷின் ஒன்றும் அங்கே இருக்கிறது, தனிக் காசு. அதுதான் வேண்டாம் என்கிறேன்.

முதல் நாள் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற அபாயம் உண்டாம். நான் தப்பித்தேன். வீட்டம்மா 12-ஐத் தாண்டிவிட்டாள். "முட்டி வலி தவிர எனக்கென்னங்க, நல்லாத்தான இருக்கேன்" என்று வாதம் வேறு. பிசியோ பெண் சிரித்துக்கொண்டே, "சரிங்கம்மா, இப்ப நடந்துக்கிட்டே காய்கறிப் பேராச் சொல்லுங்க" என்றாள். கத்தரிக்காய், வெண்டைக்காய் வரை நடந்தாள். அடுத்த காய்க்கு நின்றே விட்டாள். யோசித்து "பீர்க்கங்காய்" என்று சொன்ன பிறகுதான் கால் நகர்ந்தது. பேச்சுக் கொடுத்தால் நடை நின்றுவிடுகிறவர்கள் விழுவது அதிகம் என்று பிசியோதெரபி படிக்கிற பேத்தி சொன்னாள். வயசானால் நடப்பதற்கே கவனம் செலவாகிறது, பேச்சுக்கு மிச்சமில்லை. அதனால் வகுப்பில் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். இதில் நான்தான் ராஜா.

மற்றபடி கை ஊன்றாமல் எழுவது, பாதத்தோடு பாதம் ஒட்டி நேர்கோட்டில் நடப்பது, சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்பது. கணுக்காலில் எடை கட்டியும் காலைத் தூக்க வேண்டும். "செவ்வாப்பேட்டையில கொலுசு கேட்டா மணல் மூட்டை கட்டி விடறாங்க" என்பது வீட்டம்மாவின் புலம்பல். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான முறையை ஒட்டியதாம். ஒன்று சுலபமானதும் அடுத்த கடினத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அண்ணா பூங்காவில் நடந்தால் போதாதா என்று கேட்டேன். வெறும் நடை விழுவதைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 காக்ரேன் தொகுப்பாய்வைப் பேத்தி காட்டினாள், அதுவும் அப்படித்தான் சொல்கிறது. உடற்பயிற்சியால், அதிலும் முக்கியமாக இப்படிச் சமநிலைப் பயிற்சியால், 100 தடவை விழுகிற இடத்தில் ஏறக்குறைய 77 தடவையாகக் குறைகிறதாம். 1,800 ரூபாய்க்கு நியாயமான லாபம்.

இன்னொரு நல்ல காரியம், சில மாத்திரைகளாலும் தள்ளாடி விழலாம் என்று மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். தூக்க மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொன்னார்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது என்றும் சொன்னார்கள்.

இனி மெஷின். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் பட்டை போட்டுக் கட்டி, 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் 20 நிமிடம் விடுகிறார்கள். பழைய ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை, மயக்க மருந்தும் கிடையாது. லேசாக அரிக்கும், அவ்வளவுதான். பேஸ்மேக்கரோ தலைக்குள் உலோகமோ இருந்தால் கிட்டே போகக் கூடாது. பத்து தடவைக்கு 7,000 ரூபாய். நான் ஒரு தடவை இனாமாகப் பார்த்தேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பேசிக்கொண்டே நடக்கும்போது தள்ளாட்டம் கொஞ்சம் குறைவதாகச் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. விழுவதே குறைகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ரிசப்ஷனில் மட்டும் நிரூபணமாகிவிட்டது போலப் பேசுகிறார்கள். அந்த 7,000-க்கு பாத்ரூமில் கைப்பிடி போட்டு, வழுக்காத விரிப்பும் வாங்கிவிட்டேன்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. வகுப்பு மாடியில், லிஃப்ட் கிடையாது. வழவழ கிரானைட் படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். இறங்கும்போது அது இடது கைக்கு வருகிறது, வீட்டம்மாவுக்கு இடது தோள் தூக்க வராது. விழாமல் இருக்கக் கற்றுத் தருகிற இடத்துக்கு இப்படியா படி கட்டுவார்கள்! ஓனரிடம் சொன்னால், "பில்டிங்காரரைக் கேக்கணுங்க சார்" என்கிறார். அவர் கேட்டு முடிக்கிற வரை என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரைதான்.